ஓடைமேட்டில் கேட்ட குரல்

தன் கணவன் ஏன் வீட்டை விட்டுப் போனான் என்பதை அஞ்சுகம் பதினோரு ஆண்டுகள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், அலுவலக மேசையில் உட்கார்ந்து தட்டச்சுத் தாள் ஒன்றில் படித்துத் தெரிந்துகொண்டாள்.

அவளுக்குப் போர் வரலாற்றுக் குழுவில் வேலை. போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மேற்கரையும் கீழ்க்கரையும் ஒரே நாடாகி, ஒரே நாடாளுமன்றம் வந்து, இரு பக்கத்துப் பிள்ளைகளும் படிக்க ஒரே வரலாற்றுப் புத்தகம் வேண்டும் என்று முடிவாகியிருந்தது. பூமியிலிருந்து கப்பல்கள் வந்து இறங்கி நூற்று ஐம்பது ஆண்டுகூட ஆகாத உலகம் அது. அதற்குள் அங்கே நடந்த சாவுகளை எழுத எட்டுத் தொகுதிகள் தேவைப்பட்டன.

நடந்தது எல்லோருக்கும் மேலோட்டமாகத் தெரிந்ததுதான். மேற்கரையை ஆண்டவரை மூத்தவர் என்றார்கள். கீழ்க்கரையை ஆண்டவரைக் காவலர் என்றார்கள். இருவருக்கும் சொந்தப் பெயர் உண்டு. அதைத் தெருவில் சொன்னவர்கள் வீடு திரும்பியதில்லை. இரண்டு நாட்டுக்கும் நடுவே நெடும்பரப்பு என்ற சமவெளி, எண்ணூறு கிலோமீட்டர் அகலத்துக்கு வரகும் சோளமும் விளைகிற கரிசல் நிலம். அதன் நட்டநடுவில் பந்தல் போட்டு இருவரும் சந்தித்தார்கள். பத்தாண்டுக்குப் போர் கிடையாது என்று கையெழுத்திட்டார்கள். ஒருவருக்கொருவர் இனிப்பு ஊட்டிவிட்ட படம் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் மாட்டப்பட்டது.

இருபத்திரண்டாம் மாதம், அறுவடைக் காலத்தில் ஒரு காலை, காவலரின் கவச வண்டிகள் கதிர் முற்றிய வயல்களை நசுக்கிக்கொண்டு மேற்கே வந்தன. எல்லையிலிருந்து தகவல் வந்தபோது மூத்தவர் நம்பவில்லை. தகவல் அனுப்பிய அதிகாரியைக் கலகம் மூட்டுகிறான் என்று சுடச் சொன்னார். நம்புவதற்கு அவருக்கு ஒன்பது நாள் பிடித்தது. அந்த ஒன்பது நாளில் இரண்டு லட்சம் வீரர்கள் சிறைப்பட்டிருந்தார்கள். அப்புறம் ஆறு ஆண்டுகள். பின்வாங்கிய மேற்கரைப் படை தன் ஊர்களையே கொளுத்தியது. துரத்தி வந்த கீழ்க்கரைப் படை மிச்சத்தைக் கொளுத்தியது. பிறகு காற்று திசை மாறியதுபோல இவர்கள் துரத்த, அவர்கள் ஓடினார்கள். அதே ஊர்கள் மறுபடியும் எரிந்தன. முப்பத்தொரு லட்சம் பேர் செத்தார்கள். கடைசியில் மூத்தவர் மூளையில் ரத்தம் கசிந்து படுக்கையில் போனார். காவலரை அவருடைய மெய்க்காப்பாளர்களே முடித்தார்கள். வென்றவர் என்று யாருமில்லை.

அஞ்சுகத்தின் பொறுப்பு ஏழாம் தொகுதி. போர்க்களத்திலிருந்து உயிரோடு வந்தவர்களின் வாக்குமூலங்கள். படை நலத்துறையின் மருத்துவர்கள் முன்பு எடுத்து வைத்திருந்தவை, பெயர் நீக்கப்பட்டு எண்ணோடு கட்டுக்கட்டாக அவளிடம் வந்தன. அன்று அவள் கையில் இருந்தது சாட்சி எண் 4118. ஒன்பதாம் படைப்பிரிவு. இடம், ஓடைமேடு. போரின் ஐந்தாம் ஆண்டுக் குளிர்காலம்.

'நாங்க நாலாயிரம் பேர் ஓடைக்கும் மேட்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டோம். சாப்பாடு தீர்ந்து ஆறு நாள். கீழ்க்கரைத் தளபதி ஒருத்தர் வெள்ளைத் துணியோட வந்தாரு. ஆயுதத்தக் கீழ வைங்க, ஒருத்தரையும் தொட மாட்டோம்னாரு. வச்சோம். அவங்க ஆளுங்க எங்களுக்கு நடுவுல வந்து தண்ணி குடுத்தாங்க. என்கிட்ட வந்தவனுக்கு என் வயசுதான் இருக்கும். முன்மண்டை வழுக்கை. பாட்டில் மூடி குளிர்ல இறுகிப்போயிருந்துச்சு, பல்லால கடிச்சுத் திறந்து குடுத்தான். குடிச்சேன்.

'அப்பதான் உள்ளொலியில என் மனைவி பேசினா. வாத்தியாரே, எழுந்திருங்க, ஏமாத்தறாங்க, எல்லாரையும் கொல்லப் போறாங்க, துப்பாக்கிய எடுங்க, எழுந்திருங்கன்னா. நான் யோசிக்கல. எடுத்தேன். அவன்தான் பக்கத்துல இருந்தான். பாட்டில் மூடி அவன் வாயிலயே இருந்துச்சு. நிமிர்ந்து பார்த்தா எல்லாரும் எழுந்து நிக்கறாங்க. ஒவ்வொருத்தனுக்கும் அம்மாவோ அக்காவோ பொண்டாட்டியோ சொல்லியிருக்காங்க. மேட்டு மேலேர்ந்து பீரங்கி ஆரம்பிச்சுது. அறுபத்தொரு பேர் மிஞ்சினோம்.

'வீட்டுக்குப் போனேன். காலையில அவ வந்து எழுந்திருங்கம்பா. சும்மா காப்பி குடிக்கத்தான் கூப்பிடுவா. எனக்கு அவன் மூஞ்சி வரும். அஞ்சு மாசம் பார்த்தேன். அவகிட்ட எப்படிச் சொல்றது?'

அஞ்சுகம் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

வாத்தியாரே என்று தன் கணவனைக் கூப்பிடுகிற பெண்கள் அந்த உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்களோ, அவளுக்குத் தெரியாது. திருமேனி வடிவியல் ஆசிரியனாக இருந்தவன். கல்யாணமான முதல் மாதம், அவள் சுட்ட தோசை ஏன் வட்டமாக வரவில்லை என்று மாவில் விரலால் ஆரம் வரைந்து விளக்கினான். அன்றிலிருந்து அவன் வாத்தியார். போரில் ஒன்பதாம் படைப்பிரிவில் இருந்தவன், திரும்பி வந்து ஐந்து மாதம் வீட்டில் இருந்தான். அவள் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு நெடும்பரப்புப் பக்கம் போய்விட்டான். வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்குக் கடிதம் வரும். நலம், நலமறிய ஆவல். வேறொருத்தி இருக்கிறாளோ என்றுகூட அவள் நினைத்ததுண்டு.

உள்ளொலி எல்லோருக்கும் தெரிந்த கருவிதான். படைவீரன் ஒவ்வொருவனுக்கும் காதுக்குப் பின்னால் எலும்பில் அரிசிமணி அளவில் பதித்திருந்தார்கள். உத்தரவுகள் அதில் வரும். வீட்டிலிருந்து வாழ்த்தும் வரும் என்று சொன்னார்கள். அந்த வாழ்த்துகளை வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்த பெண்களில் அஞ்சுகமும் ஒருத்தி. போருக்கு முன்னால், உடன்படிக்கை இருந்த அந்த இருபத்திரண்டு மாதத்தில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போயிருந்தாள். கையில் ஒரு பதிவுக் கருவி, ஒரு வாக்கியப் பட்டியல். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, பயப்படாதே, நான் இருக்கேன். அதோடு இடது, வலது, எழுந்திரு, படு, ஒன்றிலிருந்து நூறுவரை எண்கள். முதலில் தன் குரலைத்தான் பதிந்தாள். படைவீரனாக எல்லைக்குப் போயிருந்த திருமேனிக்காக ஆசை ஆசையாகப் பதிந்தாள்.

எண்கள் எதற்கு என்று ஒரு தாய் கேட்டபோது, "மெஷினுக்கு உங்க குரல் பழகணுமாம்மா" என்று அவள் சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது. அப்படிச் சொல்லும்படிதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவளும் அதை நம்பித்தான் சொன்னாள். இரண்டாயிரம் வீட்டில் சொன்னாள்.

குழுத் தலைவர் பேராசிரியர் தைரியநாதன் தாளை முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கொடுமைதாம்மா. ஆனா விதி உனக்கே தெரியும். பேரும் கையெழுத்தும் இல்லாத வாக்குமூலம் அச்சுக்குப் போகாது."

"ஓடைமேட்டுல மிஞ்சின அறுபத்தொரு பேருக்கும் நலத்துறை மூலமா படிவம் அனுப்பி ரெண்டு மாசம் ஆச்சுங்க ஐயா. ஒருத்தர்கூடப் பதில் போடல."

"அப்ப அவங்களுக்கு விருப்பமில்லைன்னுதானே அர்த்தம்? அதையும் மதிக்கணும்."

"அறுபத்தொரு பேர்ல ஒருத்தருக்குக்கூடவா விருப்பம் இருக்காது?"

தைரியநாதன் தாளை அவளிடமே நீட்டினார். நல்ல மனிதர்தான். ஆனால் அதை நீட்டிய வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இன்னாசியைப் பார்க்கப் போனாள். மேற்கரையின் உள்ளொலிப் பிரிவுக்குத் தலைமைப் பொறியாளராக இருந்தவர். குரல் பதியும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவர்தான். இப்போது எழுபதைத் தாண்டியிருந்தார். நகரத்துக்கு வெளியே தனி வீடு. வாசலில் நாற்காலி போட்டு, மடியில் முறத்தோடு முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"சார், வணக்கம்."

அவர் நிமிர்வதற்கு முன்பே, "அஞ்சுகமா?" என்றார். "குரல் மறக்கல பாரு. உக்காரு."

அவள் உட்காராமலேயே தாளை நீட்டினாள். அவர் படித்தார். படித்துவிட்டு மறுபடியும் கீரையை எடுத்தார்.

"இது என் குரல் சார். நான் பேசாததை என் குரல்ல பேசியிருக்கீங்க."

"பேசத்தான் அந்தக் கருவி. உனக்கு இத்தனை நாள் தெரியாதா?"

"வாழ்த்துக்குன்னுதானே சொன்னீங்க?"

"வாழ்த்தும் போச்சு. இல்லைங்கல." முறத்தைக் கீழே வைத்தார். "கேளு. குண்டு விழற இடத்துல அதிகாரி பேச்ச எவனும் கேக்க மாட்டான். பயத்துல காது அடைச்சுக்கும். ஆனா பெத்தவ கூப்பிட்டா, கட்டினவ கூப்பிட்டா, செத்துக்கிட்டிருக்கறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். அதைக் கண்டுபிடிச்சது நான். நாப்பது வாக்கியமும் நூறு எண்ணும் குடுத்தாப் போதும், மிச்சத்த மெஷினே பேசிக்கும். வாத்தியாரேங்கறது நீ பதிஞ்ச வாழ்த்துலேயே இருந்திருக்கும்."

"அதனால சரணடைஞ்சவங்கள எழுப்பிவிட்டுச் சாகடிச்சீங்க. சொந்த ஆளுங்கள."

"நாங்க இல்ல."

அவள் அவரையே பார்த்தாள்.

"சத்தியமா நாங்க இல்ல. அந்த வாரம் முழுக்க எங்க ஒலிபரப்புக் கோபுரம் விழுந்து கிடந்துச்சு. பதிவேடு என்கிட்டதான் இருக்கு. அன்னைக்கு அந்தக் குரல் கிழக்கேர்ந்து வந்துச்சு. காவலர் அனுப்பினது."

"அவங்ககிட்ட என் குரல் எப்படிப் போச்சு?"

இன்னாசி ஓர் இணுக்கை எடுத்து, அதில் இருந்த இலைகளையெல்லாம் ஒரே இழுப்பில் உருவினார்.

"பந்தல் போட்டுக் கையெழுத்துப் போட்டாங்க இல்ல? அதுல வெளிய காட்டாத பக்கம் ஒண்ணு உண்டு. ராஜாக்கள் காலத்துல உடன்படிக்கைன்னா பெத்த பிள்ளையப் பிணையா அனுப்புவாங்களாம். இவங்க சொந்தப் பிள்ளைய அனுப்பல. ஊரார் வீட்டுக் குரல அனுப்பினாங்க. எங்க எல்லைப் படையோட குடும்பக் குரல் மொத்தமும் காவலர்கிட்ட. அவங்க படையோட குடும்பக் குரல் மொத்தமும் மூத்தவர்கிட்ட. நீ என் வீட்ட மிதிச்சா, அடுத்த நாளே உன் பட்டாளம் என் பேச்சக் கேக்கும். அந்தப் பயத்துல ரெண்டு பேரும் சும்மா இருப்பாங்கன்னு கணக்கு."

"சும்மா இல்லையே."

"நாலாயிரம் கைதிக்குச் சோறு போட காவலருக்கு மனசில்ல. அவரோட தளபதி அவரக் கேக்காம வாக்குக் குடுத்துட்டான். வாக்க மீறினா அவரோட ஆளுங்களே முணுமுணுப்பாங்க. அதனால இவங்களே துப்பாக்கிய எடுத்த மாதிரி பண்ணிட்டாரு." அவர் குரல் தணிந்தது. "நாங்களும் பண்ணோம். வேற இடத்துல, அவங்க ஆளுங்கள. விசையை அழுத்தினது நான்தான். அவங்க அம்மாமாரோட குரல் எல்லாம் எனக்கு மனப்பாடம்."

அஞ்சுகம் அப்போதுதான் உட்கார்ந்தாள். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. மூத்தவர் செத்துப்போயிருந்தார். காவலர் செத்துப்போயிருந்தார். எதிரே ஒரு கிழவர் கீரை உருவிக்கொண்டிருந்தார். அவளோ, நெற்றியில் பொட்டு வைத்து, சிரித்த முகமாக வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியவள்.

"இது புத்தகத்துல வரணும் சார்."

"வரட்டும். எனக்கென்ன, இன்னும் எத்தனை நாள்? ஆனா விட மாட்டாங்க. காதுக்குப் பின்னால வச்ச அந்த மணி எலும்போட எலும்பா வளர்ந்துடுச்சு, எடுக்க முடியாது. ஏழு லட்சம் பேர் காதுல இன்னும் வேலை செய்யுது. பேசறது மட்டுமில்ல, அவங்க காதுல விழறது எல்லாம் குரல் அனுப்பறவங்களுக்கும் கேக்கும். போர் முடிஞ்சப்ப நலத்துறை எடுத்துக்கிச்சு. ராத்திரி தூங்காம கத்தறவங்க, தூக்கு மாட்டிக்கறவங்க எத்தனை பேர் இருந்தாங்க தெரியுமா? அவங்களச் சமாதானப்படுத்த அதே குரலப் பயன்படுத்தறாங்க. நல்ல காரியம்தான்."

"யாரக் கேட்டு?"

இன்னாசி முறத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அவள் எழுந்தபோது, "திருமேனியப் பார்க்கப் போறியா?" என்றார்.

"ஆமா சார். வெள்ளிக்கிழமை ரயில்ல. அவர் கையெழுத்து ஒண்ணு கிடைச்சாப் போதும், அத்தியாயம் வெளிய வரும்."

"போயிட்டு வா," என்றார் அவர். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

ரயில் நெடும்பரப்பில் பத்து மணி நேரம் ஓடியது. புதைத்த வெடிகளை அகற்றி முடித்த நிலங்களில் மட்டும் பயிர் நின்றது. மற்ற இடமெல்லாம் சிவப்புக் கொடி நட்ட பொட்டல். வேலிமுனை என்ற சின்ன நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் இரண்டு மணி. திருமேனிக்கு அங்கே நிலம் அளக்கிற வேலை. சுத்தப்படுத்திய வயல்களை, குடியேற வருகிறவர்களுக்காகக் கயிறும் முளைக்குச்சியும் வைத்துப் பிரித்துக்கொடுப்பான்.

கொட்டகை வாசலில் இரண்டு நாற்காலி போட்டிருந்தான். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது.

"வா அஞ்சு. தண்ணி குடிக்கறியா?"

தான் வருவதாக அவள் அவனுக்குக் கடிதம் எழுதியிருக்கவில்லை. அதை அப்போது அவள் கவனிக்கவில்லை.  தண்ணீரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். வாக்குமூலத்தைப் படித்தது, இன்னாசி சொன்னது, வெளியே காட்டாத அந்தப் பக்கம், கிழக்கிலிருந்து வந்த ஒலி. கடைசியில் அழுதுவிட்டாள்.

"அது நான் இல்லைங்க. நான் அப்படிச் சொல்வேனா? அது நான் இல்ல."

"தெரியும்," என்றான் திருமேனி.

"எது தெரியும்?"

"அது நீ இல்லைன்னு. வீட்டுக்கு வந்த மூணாவது நாளே தெரியும். நீ பேசறதும் ஓடைமேட்டுல அது பேசினதும் ஒண்ணு மாதிரியே இருந்துச்சு. ஆனா நீ மூச்சு விட்டுட்டுப் பேசுவ. அது விடாது."

"அப்புறம் ஏன் போனீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவன் கையிலிருந்த கயிற்றைச் சுற்றினான், அவிழ்த்தான்.

"நீ இல்லைன்னு புத்திக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியணுமே. நீ எழுந்திருங்கன்னு சொன்னா என் கை துப்பாக்கியத் தேடும். ஒருநாள் காலையில உன் கழுத்துக்கிட்ட வந்துடுச்சு என் கை. நீ சிரிச்ச, வெளையாடறேன்னு நினைச்ச. அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன்."

அவளுக்கு அந்தக் காலை நினைவிருந்தது. சிரித்ததும் நினைவிருந்தது.

"சொல்லியிருந்தா அந்த வார்த்தையையே நான் விட்டிருப்பேனே. வேற என்னவாவது சொல்லி எழுப்பியிருப்பேன்."

"எப்படிச் சொல்றது? நீ அந்தக் கருவியத் தூக்கிட்டு ஊர் ஊராப் போனவ. பெருமையாச் சொல்லிப்ப, நான் ரெண்டாயிரம் வீட்டுக் குரலப் பசங்ககிட்டச் சேர்த்தேன்னு. நான் சொன்னா நீ அப்பவே செத்திருப்ப." சற்று நிறுத்தி, மெதுவாகச் சொன்னான். "டாக்டர்கிட்ட மட்டும் சொன்னேன். அவங்க ஏற்பாடு பண்ணாங்க."

"என்ன ஏற்பாடு?"

அவன் அவளைப் பார்க்காமல் வயலைப் பார்த்தான். "அது தினமும் பேசும் அஞ்சு. இன்னும் பேசுது. சாயங்காலம் அரை மணி நேரம். சாப்பிட்டாச்சா, இன்னைக்கு எத்தனை குச்சி நட்டீங்க, முட்டி வலி எப்படி இருக்குன்னு கேக்கும். உன் குரல்தான். ஆனா அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லாது. பதினோரு வருஷத்துல ஒரு தடவகூடச் சொல்லல."

 நகரத்தில், அதே பதினோரு ஆண்டுகள், அவள் சாயங்காலங்களில் ஒற்றை ஆளுக்குச் சமைத்துச் சாப்பிட்டிருந்தாள். அவனுக்கு முட்டி வலி என்பதே அவளுக்குத் தெரியாது.

"அதுகூட இருந்திருக்கீங்க," என்றாள். "என்கூட இல்ல."

"ஆமா," என்றான் அவன். மறுக்கவில்லை.

அவளுக்கு வந்த கோபத்துக்கு எழுந்து போயிருப்பாள். ஆனால் மாட்டுவண்டி போய்விட்டிருந்தது. அடுத்த ரயில் மறுநாள்தான். தவிர, பையில் படிவம் இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் கையை உயர்த்தினான். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கண் பாதி மூடியது. கூட்டத்தில் தூரத்திலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல முகம் மாறியது.

சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

அவளுக்குப் புரிந்தது. 

"என்ன சொல்றேன்?" என்று கேட்டாள்.

அவன் தயங்கினான். "கையெழுத்துப் போட வேண்டாம்னு சொல்ற. காலையிலயும் சொன்ன. வெள்ளிக்கிழமை ரயில்ல ஒருத்தி வருவா, காகிதம் கொண்டு வருவா, அழுவா, நம்பிடாதீங்க வாத்தியாரேன்னு சொன்ன. அதான் நாற்காலி போட்டு வச்சேன்."

வெள்ளிக்கிழமை ரயில் என்று அவள் சொன்னது ஒரே ஒருவரிடம்தான். முருங்கை இலை ஒட்டிய விரலோடு வாசல்வரை வந்து வழியனுப்பியவரிடம். அறுபத்தொரு படிவங்கள் ஏன் திரும்பி வரவில்லை என்பதும் இப்போது விளங்கியது. அறுபத்தொரு வீட்டில், அறுபத்தொரு அம்மாவோ அக்காவோ மனைவியோ வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். மூத்தவரும் காவலரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இது தேர்தல் வைத்து வந்த அரசாங்கம். அவளே வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட அரசாங்கம்.

"இப்ப வேற என்ன சொல்றேன்?"

"இத எழுதினா குரல நிறுத்திடுவாங்களாம். எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும். ஏழு லட்சம் பேரும் அனாதையாயிடுவாங்களாம். நான் இல்லாம எப்படி இருப்பீங்கன்னு கேக்கற." அவன் குரல் கரகரத்தது. "அழற."

கொட்டகைக்கு மேலே தகரம் வெயிலில் முறுகிக்கொண்டிருந்தது. திருமேனி அவள் மடியில் இருந்த தாளைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"நீ என்ன சொல்ற?"

போடுங்கள் என்று சொல்லத்தான் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்திருந்தாள். ஒரு வார்த்தை போதும். அவன் கேட்பான், அது அவளுக்குத் தெரிந்தது. அவள் குரலில் எது சொன்னாலும் அவன் உடம்பு கேட்கும். ஓடைமேட்டில் கேட்டதைப்போலவே கேட்கும்.

அவள் தாளையும் பேனாவையும் அவனுடைய நாற்காலிக் கையில் வைத்தாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். எழுந்து பத்தடி தள்ளிப் போய், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நட்டு வைத்த முளைக்குச்சிகளைப் பார்த்தபடி நின்றாள். ஒரே நேர்க்கோட்டில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை போயின.

பின்னால் அவன் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். "இல்ல... தெரியும்... தண்ணி குடுத்தவன் பேருகூட எனக்குத் தெரியாது, யாராவது எழுதணும்ல... அழாத... ஆமா, நீதான். நீதான் சாப்பிடச் சொல்லிப் பார்த்துக்கிட்ட, இல்லைங்கல..." அவ்வளவு கனிவாக அவன் பேசி அவள் கேட்டுப் பல காலம் ஆகியிருந்தது. அந்தக் கனிவில் ஒரு சொல்கூட அவளுக்கானதில்லை.

பிறகு தாள் சரசரத்தது.

"போட்டுட்டேன் அஞ்சு," என்றான் திருமேனி.

அவள் திரும்பினாள். அவன் அவளிடம் சொல்லவில்லை. விரலைக் காதுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டு, தலை குனிந்து, பதிலுக்காகக் காத்திருந்தான்.

அந்தக் கையெழுத்தால் ஏழாம் தொகுதி எப்படி அச்சேறியது, தைரியநாதன் எப்படி விலகினார், நலத்துறைக் கட்டிடத்தின் முன்னால் முன்னாள் வீரர்கள் அத்தியாயத்தை ஆதரித்து ஒரு பக்கமும், எங்கள் அம்மாவைத் திருப்பிக் கொடு என்று மறுபக்கமும் எப்படி நின்றார்கள் என்பதெல்லாம் அப்புறம் ஊரறிந்த விஷயம். அன்று வேலிமுனையில் நடந்தது இவ்வளவுதான். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. அவன் காதுக்குப் பின்னால் மறுபடி மறுபடி அழுத்தினான். எழுந்து, கொட்டகையின் மறுபுறம் போய் நின்று பார்த்தான். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"நின்னுடுச்சு," என்றான்.

நாற்காலியில் பொத்தென்று விழுந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, மனைவியைச் சாகக் கொடுத்தவனைப்போல வாய்விட்டு அழுதான். அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதான். அஞ்சுகம் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவனைத் தொடலாமா, பேசலாமா என்று தெரியாமல், கையை மடியில் கோத்துக்கொண்டு, தனக்காக அவன் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.